மக்தபில் கதை சொன்னால் பிள்ளைகளின் நடத்தை மாறுமா?

கேள்வி, சுருக்கமாக: எங்கள் பள்ளிவாசல் மக்தபில் 6 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஆலிமா நான். அடிதடி, பொய், ஓதும் நேரத்தில் ஓயாத பேச்சு. பிரம்பு கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அண்மையில் ஒரு பயிற்சி வகுப்பில், "இஸ்லாமியக் கதைகள் சொன்னால் பிள்ளையின் மூளையே மாறும், நரம்பியல் நிரூபித்துவிட்டது" என்றார்கள். இது எவ்வளவு உண்மை? எந்தக் கதையை, எப்படிச் சொல்வது?

பதில்:

வ அலைக்குமுஸ்ஸலாம் ஆலிமா. பயிற்சி வகுப்பில் சொன்னதில் பாதி சரி, பாதி மேடைப் பேச்சு. கதை கேட்டபின் பிள்ளைகள் நடந்துகொள்ளும் விதம் மாறுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றில் பெரும்பகுதி மூளையைப் படம் பிடித்துக் கிடைத்ததில்லை. பிள்ளைகளை ஒரு அறையில் உட்காரவைத்து, கதை சொல்லி, அப்புறம் என்ன செய்கிறார்கள் என்று பொறுமையாகப் பார்த்துக் கிடைத்தது. "மூளையே மாறும்" என்பதில் பொய் ஒன்றுமில்லை, புதிதாகவும் ஒன்றுமில்லை. எதைக் கற்றாலும் மூளை மாறத்தான் செய்யும். யாஸீன் மனப்பாடம் செய்தாலும் மாறும், தெருவில் கெட்ட வார்த்தை பழகினாலும் மாறும்.

மூளை என்ற சொல்லுக்கு ஒரு மயக்கம் உண்டு. 2008இல் யேல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே காட்டினார்கள். மனித நடத்தை பற்றிய சில விளக்கங்களைக் கொடுத்து, எது நல்ல விளக்கம் என்று ஆட்களை மதிப்பிடச் சொன்னார்கள். அவற்றில் சில உப்புச்சப்பில்லாத விளக்கங்கள். அந்த விளக்கங்களோடு 'மூளையின் இன்ன பகுதி இயங்குவது ஸ்கேனில் தெரிகிறது' என்று சம்பந்தமே இல்லாத ஒரு வரியைச் சேர்த்தார்கள். அவ்வளவுதான், நரம்பியல் தெரியாதவர்களுக்கு அந்தச் சப்பை விளக்கமே திருப்தியாகிவிட்டது. ஆகவே இனி யாராவது மைக்கைப் பிடித்து "நரம்பியல் நிரூபித்துவிட்டது" என்றால், எந்தப் பிள்ளைகளிடம், என்ன செய்து பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

இதே வரிசையில் இன்னொன்றும் உண்டு. 'அலக்' சூராவில் "பொய்யுரைக்கும், பாவம் செய்யும் முன்நெற்றி" என்று வருகிறதல்லவா (96:16), அதை எடுத்து, பொய்யை உண்டாக்குவது மூளையின் முன்பகுதி என்பதைக் குர்ஆன் அன்றே சொல்லிவிட்டது என்று பயான் செய்கிறார்கள். தொழுகிறவரைத் தடுத்த ஒருவனுக்கான கடும் எச்சரிக்கை அது. அறிவியல் பாடநூல்கள் அவ்வப்போது திருத்தப்படும். அவற்றின்மேல் கொண்டுபோய்க் குர்ஆனின் கண்ணியத்தை ஏற்றி வைக்கக்கூடாது என்பது என் கருத்து.

சரி, உறுதியாகத் தெரிந்தது என்ன? நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிதான் கையை அடக்குவது, வாயை அடக்குவது, சொன்னதை நினைவில் வைத்து அதன்படி செய்வது ஆகியவற்றைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறது. அது முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. உங்கள் வகுப்பில் இருப்பது ஏழு வயது. அடுத்தவனின் தொப்பியைத் தட்டிவிடக்கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும், கேட்டால் ஒப்பிக்கும். தெரிந்ததைக் கை நீளும் அந்த ஒரு நொடியில் செயலாக்கும் வசதிதான் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. "எத்தனை தடவை சொன்னேன்" என்று நாம் கத்துவது இதனால்தான் வீண். தெரியாததால் வந்த பிரச்சினை இல்லை அது.

இரண்டாவது, பயமும் பதற்றமும் கூடும்போது இந்த முன்பகுதியின் வேலை இன்னும் தளர்கிறது. பதறுகிற பிள்ளை ஓடும், முறைக்கும், அல்லது பொய் சொல்லும். அந்த நேரத்தில் பாடம் ஏறாது. ஏறுவது ஒன்றே ஒன்று: யாரைக் கண்டால் பயப்பட வேண்டும் என்பது.

மூன்றாவது, கதை கேட்கும்போது என்ன நடக்கிறது என்பது. பிரின்ஸ்டனில் யூரி ஹாசன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெண் தன் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்லச் சொல்ல அவருடைய மூளையையும், பிறகு அதைக் கேட்டவர்களின் மூளையையும் ஸ்கேன் செய்தார்கள். கேட்டவர்களின் மூளை இயக்கம் சொன்னவருடையதோடு சேர்ந்துபோனது. எவ்வளவு சேர்ந்ததோ அவ்வளவு நன்றாகக் கதை புரிந்திருந்தது. கேட்பவருக்குத் தெரியாத ரஷ்ய மொழியில் கதை சொன்னபோது அந்தச் சேர்க்கை காணாமல் போய்விட்டது. இது பெரியவர்களிடம் நடந்த ஆய்வு, நடத்தை மாறியதா என்று பார்த்ததுமில்லை. ஆனாலும் நமக்கு ஒரு சேதி இருக்கிறது. ஓதுவதெல்லாம் அரபியில் நடக்கிற இடம் மக்தப். கதையாவது அந்தப் பிள்ளை வீட்டில் பேசுகிற தமிழில் இருக்கட்டும். உம்மா, வாப்பா என்கிற வீடானால் அப்படி, அத்தா, அம்மா என்கிற வீடானால் அப்படி. "அன்னார் நவின்றார்கள்" வேண்டாம்.

இனி எந்தக் கதை என்பதற்கு வருவோம். எனக்குத் தெரிந்தவரை உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய ஆய்வு 2014இல் கனடாவில் வந்தது. காங் லீ, விக்டோரியா தல்வார் உள்ளிட்டோர் செய்தது. 3 முதல் 7 வயதுப் பிள்ளைகள். முதுகைத் திருப்பிக்கொண்டு, சத்தத்தை வைத்து என்ன பொம்மை என்று சொல்லும் விளையாட்டு. நடுவில் ஆய்வாளர், "திரும்பிப் பார்க்காதே, இதோ வந்துவிடுகிறேன்" என்று வெளியே போவார். பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிடுவார்கள், யார்தான் பார்க்கமாட்டார்கள். வந்தவர் ஒரு கதை வாசிப்பார். பிறகு, "திரும்பிப் பார்த்தாயா?" என்பார். நம் ஊரில் 'புலி வருது' என்கிறோமே, அந்த இடையன் கதையைக் கேட்ட பிள்ளைகள் பொய்யைக் குறைத்துக்கொள்ளவில்லை. பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மைக் கதையும் பலிக்கவில்லை. மரத்தை வெட்டியதை அப்பாவிடம் ஒப்புக்கொண்டு பாராட்டு வாங்கிய ஜார்ஜ் வாஷிங்டன் கதையைக் கேட்டவர்கள்தான் கூடுதலாக உண்மை சொன்னார்கள். அதோடு விடவில்லை. அதே வாஷிங்டன் கதையின் முடிவை மாற்றி, பொய் சொல்லித் தண்டனை வாங்கியதாகச் சொல்லிப் பார்த்தார்கள். பலன் போய்விட்டது.

கதை கேட்ட கையோடு அளந்தது இது. ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளை வீட்டில் எப்படி இருந்தது என்று இதில் பார்க்கவில்லை. இருந்தும் சேதி தெளிவாகவே இருக்கிறது. பொய் சொன்னவன் என்ன ஆனான் என்று காட்டுவதைவிட, தவறு செய்துவிட்டு உண்மையைச் சொன்னவருக்கு என்ன கிடைத்தது என்று காட்டுவதே இந்த வயதில் எடுபடுகிறது.

நம்மிடம் அப்படிப்பட்ட கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. கடற்கரை ஊர்களில் ரபீஉல் ஆகிர் வந்தால் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் சிறுவயதுக் கதை பிள்ளைகள் காதில் விழாமல் போகாது. உம்மா சட்டைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்த நாற்பது தீனார், வழிமறித்த கொள்ளையர், "உன்னிடம் என்ன இருக்கிறது?" என்றதும் "நாற்பது தீனார்" என்று அந்தச் சிறுவர் சொன்ன பதில், தலைவன் திகைத்துப்போய் தவ்பா செய்தது. மேலே சொன்ன ஆய்வுக்காகவே எழுதியது போல இருக்கும். உங்கள் ஜமாஅத்தில் வலிமார் (இறைநேசர்) கதை சொன்னால் சர்ச்சை வரும் என்றால் (வரும் ஊர்கள் எனக்கும் தெரியும்) பால்காரப் பெண்ணின் கதையை எடுங்கள். கலீபா உமர் (ரலி) இரவில் நகர்வலம் வருகிறார்கள். ஒரு வீட்டுக்குள் தாய் சொல்கிறாள், பாலில் தண்ணீர் கலந்துவிடு, உமர் பார்க்கவா போகிறார் என்று. மகள் சொல்கிறாள், உமர் பார்க்காவிட்டாலும் உமருடைய ரப்பு பார்க்கிறானே. அந்தப் பெண்ணை உமர் (ரலி) தன் மகன் ஆஸிமுக்கு மணமுடித்து வைக்கிறார்கள், அந்த வழியில் பிறந்தவர்தான் பின்னாளைய கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ். இது ஹதீஸ் இல்லை, வரலாற்று நூல்களில் வருவது. அப்படியே சொல்லிவிடுங்கள்.

மிருகங்களிடம் கருணை பற்றிச் சொல்வதானாலும் இதே கணக்குத்தான். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியாகச் சாகவிட்டவளின் ஹதீஸும் இருக்கிறது, கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு மேலே ஏறி, தாகத்தில் மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குக் கொடுத்து மன்னிப்புப் பெற்றவரின் ஹதீஸும் இருக்கிறது. இரண்டும் ஸஹீஹ், நம்பகமானவை. ஆறு வயதுக்கு இரண்டாவதை முதலில் சொல்லுங்கள். காலணியை வாயில் கவ்விக்கொண்டு ஏறுகிற இடத்தில் பிள்ளைகள் மூக்கைச் சுருக்குவார்கள், அந்த அருவருப்பே கதையை மறக்கவிடாது.

இங்கேதான் பயமுறுத்தும் கதைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கப்ரு வேதனை, பாம்பு, தேள், நெருப்புச் சங்கிலி எல்லாம் ஏழு வயதுப் பிள்ளைக்கு மஃரிபுக்குப் பிறகு விளக்கு மங்கிய வராந்தாவில் சொல்லப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அகீதாவில் (நம்பிக்கைக் கோட்பாட்டில்) எது உண்டோ அது உண்டு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் கேட்பது வேறு. அந்த இரவு அந்தப் பிள்ளை எதைக் கற்றது? பயத்தோடு சேர்ந்து பதிந்த நினைவு ஆழமாகத்தான் இருக்கும். ஆனால் பயம் சொல்லித்தருவது விலகி ஓடுவதை. மக்தபுக்கு நேரமானால் வயிற்றுவலி வருகிற பிள்ளைகளில் சிலருக்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

பிரம்பும் இதோடு சேர்ந்ததுதான். "7 வயதில் தொழச் சொல்லுங்கள், 10 வயதில் அடியுங்கள்" என்ற அபூதாவூத் ஹதீஸை யாராவது கொண்டுவந்து நீட்டுவார்கள். உங்கள் பிள்ளைகளில் யாருக்கும் பத்து ஆகவில்லை. அந்த ஹதீஸ் தொழுகையைப் பற்றியது, வகுப்பில் பேசியதற்கு இல்லை. ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் மூன்று வருடம், நாளுக்கு ஐந்து வேளை என்றால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை அன்பாகச் சொன்ன பிறகு வருகிற பேச்சு அது. நபி (ஸல்) அவர்கள் பெண்ணையோ பணியாளரையோ ஒருபோதும் கையால் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) சொன்னது முஸ்லிம் என்ற ஹதீஸ் நூலில் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடங்களில் அடியைத் தடை செய்தது. 2012 திருத்தம் மத்ரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அந்தச் சட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டது. உங்கள் நிர்வாகம் அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாமலே இந்த முடிவை எடுத்திருக்கிறது என்றால், நல்ல நிர்வாகம்.

சொல்லும் முறைக்கு ஒரு கதையை அருகில் வைத்துப் பார்ப்போம். அபூ உமைரின் குருவி. புகாரியிலும் முஸ்லிமிலும் வருவது, ஐந்து நிமிடக் கதை.

"அனஸ் ரலியல்லாஹு அன்ஹு அவங்களுக்கு ஒரு குட்டித் தம்பி இருந்தாங்க. அபூ உமைர்னு கூப்பிடுவாங்க. அவங்ககிட்ட ஒரு குருவி. இத்தூண்டு இருக்கும், கைக்குள்ள அடங்கிடும். எப்பப் பார்த்தாலும் அதோடதான் விளையாட்டு. ஒருநாள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவங்க வீட்டுக்கு வந்தாங்க. தம்பி ஒரு மூலையில மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்காங்க. என்னாச்சுன்னு கேட்டா, குருவி மௌத்தாப் போச்சு."

இங்கே நிறுத்துங்கள். "நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். "வேற குருவி வாங்கித் தரேன்னு சொல்லுவேன்" என்று ஒன்று, "ஆம்பளப் புள்ள அழக்கூடாதுன்னு சொல்லுவேன்" என்று ஒன்று, "எங்க வீட்லயும் கோழிக்குஞ்சு செத்துப்போச்சு" என்று ஒன்று. அந்தக் கோழிக்குஞ்சைப் பற்றி ஒரு நிமிடம் பேசவிடுங்கள். அப்புறம்தான், நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள் என்பது. "யா அபா உமைர், மா ஃபஅலன் நுஃகைர்?" அபூ உமைரே, உன் குருவிக்குட்டி என்ன செய்தது? உமைர், நுஃகைர் என்று ஓசை ஒன்றிவருவதால் பிள்ளைகள் இரண்டாம் முறையே கூடச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். வேறு பறவை தரவில்லை, அழாதே என்று சொல்லவில்லை. ஒரு பெரிய தலைவர், ஒரு சின்னப் பிள்ளையின் துக்கத்தைப் பற்றி அந்தப் பிள்ளையிடமே கேட்டார்கள். அவ்வளவுதான் கதை. "இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை என்னவென்றால்" என்று தொடங்கிவிடாதீர்கள்.

இந்தக் கதையின் வேலை மறுநாள்தான் தொடங்குகிறது. பென்சில் தொலைந்து ஒரு பிள்ளை அழும்போது பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து, "அபூ உமைர்கிட்ட கேட்ட மாதிரி கேளு" என்று சொல்ல உங்களுக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டது. உணர்ச்சிக்குப் பெயர் வைத்துச் சொல்லும்போது, மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் கொதிப்பு சற்று அடங்குவதை லாஸ் ஏஞ்சலிஸில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் ஸ்கேனில் பார்த்தார்கள். அதுவும் பெரியவர்களிடம்தான். "கோபமா, வருத்தமா?" என்று கேட்பதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை, கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது பள்ளிவாசலில் சிறுநீர் கழித்த கிராமத்தரபியின் கதை. சிறுநீர் என்றதும் வகுப்பு சிரிப்பில் அல்லோலப்படும், சிரிக்கட்டும். தோழர்கள் அவரைப் பிடிக்க ஓடுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் விடுங்கள் என்கிறார்கள். அவர் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு அவரை அழைத்து, இது தொழுகைக்கும் திக்ருக்கும் குர்ஆனுக்குமான இடம் என்று இதமாகச் சொல்லி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் பதற்றத்தை நிறுத்துவது, பிறகு இதமாக இரண்டு வரி, உடனே சேதத்தைச் சரிசெய்வது. நாம் இப்படிச் செய்வதில்லை. ஒளு செய்யும் ஹவுள் தொட்டியில் தண்ணீரை வாரி இறைத்து இரண்டு பேர் சட்டை நனைந்தால், நனைந்த சட்டையோடு நிற்கவைத்துத்தான் அரை மணி நேரம் பேசுகிறோம். பிள்ளைகளுக்காக மட்டுமல்லாமல் உங்களுக்காகவும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் பிறகு நீங்கள் கத்தும்போது ஏதாவது ஒரு பொடியன், "உஸ்தாபீ, வாளித் தண்ணி" என்பான். அந்த உரிமையை அவனுக்குக் கொடுங்கள்.

கட்டளை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) சொன்னதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது. சிறுவராக இருந்தபோது அவருடைய கை தட்டு முழுக்க அலைகிறது. "பையா, பிஸ்மி சொல், வலது கையால் சாப்பிடு, உனக்கு முன்னால் இருப்பதைச் சாப்பிடு." மூன்றே வரி. எதைச் செய்யக்கூடாது என்று ஒன்றுகூட இல்லை, மூன்றும் செய்ய வேண்டியவை. சின்னப் பிள்ளையின் நினைவில் ஒரே நேரத்தில் நிற்பது இரண்டு மூன்று செய்திதான். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் சஹனில் நாலு பேர் சேர்ந்து உண்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம், அடுத்தவன் பக்கத்து இறைச்சித் துண்டுக்குக் கை போன அனுபவம் எல்லாருக்கும் இருக்கும்.

மிருகக் கதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. டொராண்டோவில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம், பகிர்ந்து கொடுப்பது பற்றிய ஒரே கதையை, மனிதப் பாத்திரங்களை வைத்து ஒரு குழுவுக்கும், சட்டை போட்ட மிருகங்களை வைத்து இன்னொரு குழுவுக்கும் சொன்னார்கள். மனிதர் கதையைக் கேட்டவர்களே பிறகு அதிகமாகப் பகிர்ந்தார்கள். சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் எனக்கு மிகவும் பிடித்தது, வாக்குக் கொடுத்த மான் குட்டிக்குப் பாலூட்டிவிட்டு வேடனிடம் திரும்பி வருவதைச் சொன்னால் பெரியவர்களே கலங்குவார்கள். அதைத் தமிழின் இன்பத்துக்காகச் சொல்லுங்கள். வாக்குக் காப்பாற்றப் பழக்குவதற்கு மனிதர் வருகிற கதையே மேல்.

நடிக்க வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 2017இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது, 4, 6 வயதுப் பிள்ளைகளை பேட்மேன் போல நினைத்துக்கொண்டு ஒரு சலிப்பான வேலையைச் செய்யச் சொன்னால் அதிக நேரம் விடாமல் செய்தார்கள் என்று. அதைப் பார்த்து நம் பயிற்சியாளர்கள் சிலர் "யூசுஃப் நபியாக நடி" என்று தொடங்கிவிட்டார்கள். அது ஆகாது, நபிமார்களை வேடம் கட்டுவதை நம் உலமாக்கள் ஏற்பதில்லை, ஸஹாபாக்கள் விஷயத்திலும் பெரும்பாலோர் கருத்து அதுதான். பெயரில்லாத பாத்திரங்கள் எத்தனையோ உண்டு. பாலில் தண்ணீர் கலக்கச் சொன்னால் மறுக்கும் பெண், நாய்க்குத் தண்ணீர் மொண்ட வழிப்போக்கர். அவர்களை நடிக்கட்டும். இந்த ஆய்விலிருந்து எடுக்க வேண்டியது, பிள்ளை தன்னைச் சற்று வெளியே நின்று பார்ப்பது என்ற ஒன்றைத்தான்.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று நான் நினைப்பது. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் 2013இல் செய்தது. இனிப்பை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டாகக் கிடைக்கும் என்ற பழைய சோதனையை அவர் சற்று மாற்றினார். முதலில் ஆய்வாளர், "நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன், காத்திரு" என்று சில பிள்ளைகளிடம் சொல்லி, கொண்டுவந்தார். சிலரிடம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார். பிறகு இனிப்புச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாந்தவர்கள் 3 நிமிடம். அடக்கம் இல்லாத பிள்ளை என்று நாம் முத்திரை குத்துவதில் ஒரு பங்கு, பெரியவர்களை நம்ப முடியாது என்று அந்தப் பிள்ளை போட்ட சரியான கணக்கு. அபூதாவூதில் அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சொல்கிற ஹதீஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருடைய தாயார், வா, ஒன்று தருகிறேன் என்று மகனைக் கூப்பிடுகிறார். நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நினைத்தாய் என்று கேட்க, பேரீச்சம்பழம் என்கிறார். கொடுக்காமல் இருந்திருந்தால் உன்மேல் ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். "வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் சாக்லேட்" என்று சொல்லிவிட்டு மறந்துபோன உஸ்தாது உண்மை பேசுவதைப் பற்றி எந்தக் கதை சொன்னாலும் அந்த வாரம் எடுபடாது.

சாக்லேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும், ஏற்கெனவே ஆசையாகப் படம் வரைகிற பிள்ளைகளிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு பரிசு இல்லாத நேரத்தில் அவர்கள் வரைவது குறைந்துவிட்டது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆகவே ஸ்டார் ஒட்டுவது, மார்க் போடுவது எல்லாம் ஆசையாக ஓதுகிற பிள்ளைக்குத் தேவையில்லை. திடீரென்று ஒருநாள் எல்லாருக்கும் நார்சா (பள்ளிவாசலில் பங்கிடும் தின்பண்டம்) கொடுங்கள், அதில் கெடுதல் இல்லை.

ஆதாரம் பார்க்காமல் கதை சொல்லாதீர்கள். நபி (ஸல்) மேல் தினமும் குப்பை கொட்டிய கிழவியின் கதை நம் பக்கம் பள்ளிப் பாடத்திலிருந்து மேடை வரை ஓடுகிறது. ஹதீஸ் நூல்களில் அதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. பெரிய வகுப்புக்குப் போய் அது தெரியவரும் பிள்ளை, மற்றக் கதைகளையும் சேர்த்துச் சந்தேகப்படும். அதே கருத்துக்கு, தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் வீடு தேடிப்போய்ப் பார்த்த செய்தி புகாரியிலேயே இருக்கிறது.

மறுபக்கத்து வதந்தி ஒன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், படித்த பெற்றோர் யாராவது கேட்பார்கள். மத வீட்டுப் பிள்ளைகள் பகிர்ந்து கொடுப்பதில் குறைவு என்று 2015இல் ஒரு ஆய்வு உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது. முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். நாடுகளுக்கு அடையாளமாக இட்ட எண்களைக் கணக்கில் அளவு போல எடுத்துக்கொண்டுவிட்ட பிழை பிறகு கண்டுபிடிக்கப்பட்டு, 2019இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்ற செய்தி அவ்வளவாகப் பரவவில்லை.

உங்கள் வகுப்பு ஸுபுஹுக்குப் பிறகா, மஃரிபுக்குப் பிறகா என்று எழுதவில்லை. காலை வகுப்பானால் முதலில் தூக்கத்தை விசாரியுங்கள். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு பதினொன்று வரை போன் பார்த்துவிட்டு ஐந்தரைக்கு எழுந்து வரும் பிள்ளையின் சிடுசிடுப்புக்கு எந்தக் கதையும் மருந்தில்லை. அந்தப் பிள்ளையின் வீட்டில்தான் பேச வேண்டும். எவ்வளவு கதை சொன்னாலும், எவ்வளவு இதமாக நடந்தாலும் ஒரு நிமிடம்கூட உட்கார முடியாமல் பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் அதே நிலையில் இருக்கிற பிள்ளை ஒன்றிரண்டு இருக்கலாம். அது குறும்பாக இல்லாமல் இருக்கக்கூடும். மாவட்ட அரசு மருத்துவமனையோடு சேர்ந்த ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் காட்டச் சொல்லுங்கள், ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திவிட வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு கதை போதும். சனிக்கிழமை நீங்கள் சொல்லுங்கள், திங்கள் பிள்ளைகளைச் சொல்லவிடுங்கள், புதன்கிழமை தப்பும் தவறுமாக நீங்கள் சொல்லி அவர்களைத் திருத்த வையுங்கள். இடைவெளி விட்டு, தானாக நினைவுக்குக் கொண்டுவந்து சொல்வதுதான் மனதில் தங்கும் வழி. ஒரு நோட்டில் அடிதடியை மட்டும் கோடு போட்டு எண்ணி வாருங்கள், பொய்யை எண்ண முடியாது. அபூ உமைரில் தொடங்குங்கள், அதற்கடுத்த வாரம் வாளித் தண்ணீர். ஜீலானி அவர்களா பால்காரப் பெண்ணா என்பதை மட்டும் மூன்றாம் வாரத்துக்குள் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.